தாத்தா பாட்டியின் பழைய படத்தை மீட்டெடுத்தல்: கணினிக்கு எது, கைக்கு எது

பழுதடைந்த கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்றைப் புதுப்பிக்க விரும்புவோருக்கு இன்று இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, அதை ஸ்கேன் செய்து கணினியில் சரிசெய்வது. மற்றொன்று, அதைப் பார்த்து ஓவியர் ஒருவரிடம் புதிதாக வரைந்து வாங்குவது. இவற்றுள் எது உயர்ந்தது என்று வாதிடுவதில் எனக்கு ஆர்வமில்லை, ஏனெனில் ஒரே படத்துக்குள்ளேயே கணினி செய்ய வேண்டிய இடமும் கை செய்ய வேண்டிய இடமும் தனித்தனியே இருக்கின்றன. மங்கலாகவேனும் எஞ்சியிருப்பதை வெளிக்கொணர்வதில் கணினிக்கு நிகரில்லை. அடியோடு அழிந்துபோன பகுதியை ஊகித்து நிரப்ப வேண்டியிருந்தால் அதைக் கையால் வரைவதே நேர்மையானது. எங்கள் வீட்டுத் திருமணப் படம் ஒன்றில் நான் பின்பற்றிய முறையை இந்தப் பிரிவினையின்படியே விளக்குகிறேன். அது நாலுக்கு ஆறு அங்குலப் படம். மஞ்சளேறியிருந்தது, பூஞ்சைப் புள்ளிகள் விழுந்திருந்தன, கண்ணாடி உடைந்த பின்னும் யாரோ பக்தியோடு வைத்த சந்தனமும் குங்குமமும் தாளிலேயே படிந்திருந்தன, இடது கீழ் மூலையை இராமபாணப் பூச்சி தின்றிருந்தது.

முதலில், செய்யக் கூடாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அதைப் பிய்த்தெடுக்க முயல வேண்டாம். அக்காலப் படங்களில் உருவம் தாளின் மேலுள்ள மெல்லிய ஜெலட்டின் படலத்தில் வெள்ளித் துகள்களாகத் தங்கியிருக்கிறது. ஈரத்தில் அந்தப் படலம் இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்வதால், இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படிப்பட்ட படத்தைக் கண்ணாடியின் மேற்புறத்தை மட்டும் துடைத்துவிட்டு அப்படியே ஸ்கேன் செய்வது நல்லது. பூஞ்சை படிந்த படத்தை ஈரத்துணியால் துடைப்பதும் ஆபத்தானது, ஏனெனில் பூஞ்சை அரித்த ஜெலட்டின் நீரில் கரையும் தன்மையை அடைந்துவிடுகிறது. உலர்ந்த, மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் ஒதுக்குங்கள். கிழிசலின் பின்னால் செல்லோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளுக்குள் இறங்கிவிடும்.

ஸ்கேன் செய்யும்போது கஞ்சத்தனம் கூடாது. நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் எடுத்தால் 2400க்கு 3600 பிக்சல் கிடைக்கும். அதை 300 புள்ளியில் அச்சிட்டால் எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலம் வரை தெளிவு குறையாமல் பெரிதாக்கலாம். பாஸ்போர்ட் அளவுப் படமாக இருந்தால் 1200 புள்ளியில் எடுங்கள். கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று சாம்பல் நிற முறையில் எடுத்துவிடாமல் வண்ண முறையிலேயே, ஒரு வண்ணத்துக்கு 16 பிட் ஆழத்தில், தரத்தை இழக்காத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமிக்க வேண்டும். 8 பிட் கோப்பில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகளே உண்டு. மங்கிய படம் அவற்றுள் ஒரு சிறு பகுதியை மட்டுமே பயன்படுத்துவதால், அதன் கருமை வெண்மை வேறுபாட்டை இழுத்து விரிக்கும்போது கன்னத்திலும் வானத்திலும் பட்டை பட்டையாகக் கோடுகள் தோன்றும். ஜேபெக் கோப்போ ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் சிறிது இழக்கும்.

ஸ்கேனரில் தூசி நீக்கம், கீறல் நீக்கம் என்று வரும் தானியங்கி வசதிகளை நிறுத்திவைப்பது அவசியம். என் முதல் முயற்சியில், வேலை எளிதாகட்டும் என்று அந்த வசதியை இயக்கியபடியே எடுத்தேன். படம் பளிச்சென்று வந்தது, பாட்டியின் மூக்குத்தியைத்தான் காணவில்லை. சிறியதாகவும் சுற்றுப்புறத்தைவிட வெளிச்சமாகவும் இருக்கும் எதையும் அந்த நிரல் தூசி என்றே கருதுகிறது. தாத்தாவின் கடுக்கனுக்கும் அதே கதி நேர்ந்திருந்தது. இத்தகைய வடிகட்டி நம் ஊர்ப் படங்களில் எதையெல்லாம் தூசியாக எண்ணும் என்பதை அதை எழுதியவர் யோசித்திருக்க வாய்ப்பில்லை.

பழைய படங்களின் கருமையான பகுதிகளில், சாய்த்துப் பார்த்தால் நீலமாகப் பாதரசம் பூசியதுபோல ஒரு பளபளப்புத் தெரியக்கூடும். வெள்ளி மேற்பரப்புக்கு நகர்ந்து படிவதால் உண்டாகும் இது, ஸ்கேனரின் வெளிச்சத்தில் வெளிறிய படலமாகப் பதிந்து கருமையைக் கெடுக்கும். அத்தகைய படத்தை ஸ்கேனரில் இடாமல், இரு பக்கமும் 45 பாகையில் விளக்குகளை வைத்து, விளக்குகளின் முன்னும் கேமராவின் முன்னும் ஒன்றுக்கொன்று குறுக்காக அமைந்த போலரைசிங் வடிகட்டிகளை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை) பொருத்திப் படம்பிடித்தால் பளபளப்புப் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இனி கணினி வேலை. போட்டோஷாப் இருந்தால் நல்லது. இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் போதும், இந்த வேலைக்கு வேண்டிய கருவிகள் இரண்டிலும் உண்டு. அசல் ஸ்கேனைத் தொடாமல் அதன் பிரதி ஒன்றைத் திறந்து, முதலில் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று சேனல்களையும், அதாவது அந்தந்த நிற ஒளியை மட்டும் பதிந்த கறுப்பு வெள்ளைப் படங்களை, ஒவ்வொன்றாகப் பாருங்கள். வண்ண முறையில் எடுக்கச் சொன்னதன் பயன் இங்கேதான் தெரியும். மஞ்சள் கறை நீல ஒளியை உறிஞ்சுவதால் நீலச் சேனலில் கறுப்புத் திட்டாகத் தெரியும். சிவப்புச் சேனலிலோ ஏறக்குறைய மறைந்துவிடும். மெல்லியதாகப் படர்ந்த குங்குமச் சாயமும் அவ்வாறே சிவப்புச் சேனலில் வெளுத்துப்போகும், ஆனால் குங்குமம் தடித்துப் படிந்த இடத்தில் அடியிலுள்ள உருவம் எந்தச் சேனலிலும் கிடைக்காது. கறையே இல்லாமல் படம் முழுவதும் சீராகப் பழுப்பாகி மங்கியிருந்தால் நிலைமை நேர்மாறானது: எஞ்சிய பழுப்பு உருவம் நீலச் சேனலில்தான் மிகுந்த அழுத்தத்தோடு இருக்கும். எங்கள் படத்தில் முகங்களுக்கு நீலத்தையும் கறை படிந்த கீழ்ப்பகுதிக்குச் சிவப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தனித்தனி லேயர்களாக எடுத்து, வேண்டாத பகுதியை மறைக்கும் மாஸ்க் கொண்டு இணைத்தேன். பாட்டியின் பட்டுப்புடவையில் இருந்த கட்டங்கள் அப்போதுதான் எங்கள் கண்ணில் பட்டன.

அதன்பின் லெவல்ஸ் கருவியால் கருமையையும் வெண்மையையும் விரிக்கலாம். பழைய பிரிண்டுகளுக்குத் தூய வெள்ளையும் அடர்ந்த கறுப்பும் பொருந்துவதில்லை என்பதால், இரு முனைகளிலும் சற்று மிச்சம் வைத்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

புள்ளிகளையும் கீறல்களையும் நீக்குவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. இதைத் தனியொரு வெற்று லேயரில் செய்தால், தவறினால் அந்த இடத்தை மட்டும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். கன்னம், சுவர், வேட்டி போன்ற சமமான பரப்புகளுக்கு ஹீலிங் பிரஷ் பொருத்தமானது. அது பக்கத்திலுள்ள பரப்பின் இழைநயத்தை எடுத்துவந்து அந்த இடத்தின் ஒளிக்கு ஏற்பக் கலந்துவிடும். கூந்தலும் நெற்றியும் சந்திக்கும் கோடு, மேல்துண்டின் விளிம்பு போன்ற இடங்களில் அதே கருவி இருளையும் ஒளியையும் குழைத்து அழுக்காக்கிவிடும். அங்கே, ஓரிடத்தை அப்படியே மற்றோரிடத்தில் பிரதியெடுக்கும் குளோன் ஸ்டாம்பைச் சிறிய முனையோடு பயன்படுத்த வேண்டும். நூறு விழுக்காட்டுப் பெரிதாக்கலில் வேலை செய்து, கால் மணிக்கு ஒருமுறை படம் முழுவதையும் திரையில் கொண்டுவந்து பார்ப்பது நல்ல பழக்கம், இல்லாவிட்டால் அச்சில் தெரியவே தெரியாத ஒரு புள்ளியோடு மாலை முழுவதும் மல்லுக்கட்ட நேரிடும்.

முகத்தில் கண், மூக்கு நுனி, உதட்டோரம் ஆகிய மூன்று இடங்களிலும் புள்ளியைத் தவிர வேறெதையும் நீக்காதீர்கள். செயற்கை நுண்ணறிவால் முகத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகளை நான் பயன்படுத்துவதில்லை. பல்லாயிரம் அயல் முகங்களில் கற்றதைக் கொண்டு அவை இமையையும் பல்லையும் புதிதாக உருவாக்குகின்றன. விளைவு கூர்மையாகவே இருக்கும், ஆனால் அவர் வேறு யாருடைய பாட்டியோ. கையால் செய்தால் மட்டும் உண்மை காக்கப்பட்டது என்றும் எண்ண வேண்டாம். ஃபிலிம் காலத்து ஸ்டூடியோக்களில் டச்சிங் செய்பவர், அடியிலிருந்து ஒளி வரும் சாய்மேசையில் நெகட்டிவை வைத்து, ஊசிபோலத் தீட்டிய பென்சிலால் நுண்ணிய கோடுகள் இட்டு நிரப்புவார். நெகட்டிவில் சேர்க்கும் கருமை பிரிண்டில் வெளிச்சமாக மாறும் என்பதால் பருவும் சுருக்கமும் மறைந்தன, கூடவே ஊரே ஒரு நிறம் வெளுத்தது. 1990இல் முதல் போட்டோஷாப் வெளிவருவதற்கு நெடுங்காலம் முன்பே நம் முன்னோர் திருத்தப்பட்டுத்தான் சுவரில் தொங்கினார்கள்.

இப்போது பூச்சி தின்ற மூலைக்கு வருவோம். அங்கே பாட்டியின் புடவைக் கரையும், நாற்காலியின் ஒரு காலும், ஸ்டூடியோ திரைச்சீலையின் அடிப்பகுதியும் இருந்திருக்க வேண்டும். வலப்பக்கத்தைப் பிரதியெடுத்துத் திருப்பி ஒட்டிவிட ஐந்து நிமிடம் போதும். ஆனால் அது ஊகம் என்பது பிறகு எவருக்கும் தெரியாமல் போய்விடும். இத்தாலிய ஓவியப் பாதுகாப்பாளர்கள் இச்சிக்கலுக்கு 1940களிலேயே ஒரு விடை கண்டார்கள். சேசரே பிராந்தி தலைமையில் ரோமில் இயங்கிய மைய நிறுவனத்தில் உருவான அம்முறையில், சுவரோவியத்தின் அழிந்த பகுதி மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்பப்படுகிறது. தொலைவிலிருந்து காண்பவருக்கு ஓவியம் முழுமையாகத் தோன்றும், அருகில் வருபவருக்குப் புதிதாகச் சேர்த்தது எது என்பது தெரிந்துவிடும். வீட்டுப் படத்துக்கும் இது மிகப் பொருத்தமான முறை.

அதற்காக, அழிந்த பகுதியைக் கணினியில் சுற்றுப்புறத்தின் சராசரிச் சாம்பலைவிட ஓரிரு படி வெளிறிய நிறத்தால் சமமாக நிரப்பிவிட்டு, படத்தை மேட் (பளபளப்பற்ற) பரப்புள்ள பருத்தித் தாளில் அச்சிடச் சொல்லுங்கள். பளபளப்பான தாளில் பென்சில் பிடிக்காது. பிக்மென்ட் மையில் அச்சிடுகிறார்களா என்று கேட்டுக்கொள்வது முக்கியம், சாதாரணச் சாய மை தூரிகையின் ஈரம் பட்டவுடன் கரைந்து பரவும். இரண்டு பிரதிகள் வாங்குங்கள். ஒன்று பழகிப் பார்ப்பதற்கு. கடையின் டியூப்லைட்டில் நிறத்தை முடிவுசெய்யாமல் பகலில் சன்னலருகே வைத்துப் பார்த்து, தேவையானால் கோப்பைத் திருத்தி மீண்டும் அச்சிடச் சொல்லலாம்.

வரைவதற்கு முன் சான்றுகளைத் தேட வேண்டும். புடவைக் கரைக்கு, படத்தில் தோள்மேல் தெரியும் பகுதியே முதல் சான்று. பெட்டியில் அதே புடவை இருந்தால் இன்னும் நல்லது. திரைச்சீலைக்கு உறவினர் வீடுகளில் விசாரியுங்கள். ஒரு சிற்றூரில் ஒரே ஸ்டூடியோ இருந்திருந்தால், அந்த ஒரே தூணும் மாடிப்படியும் ஊரிலுள்ள எல்லாத் திருமணங்களுக்கும் பின்னால் நின்றிருக்கும். எங்களுக்குத் திரைச்சீலை பெரியம்மா வீட்டுப் படம் ஒன்றில் கிடைத்தது; நாற்காலிக் காலுக்குச் சான்று எதுவும் கிடைக்காததால் அதை வரையாமல் நிழலாகவே விட்டுவிட்டேன்.

வெளிக்கோட்டை எச்பி பென்சிலால் அழுத்தாமல் இட்டு, நிழலுக்கு 2பி பென்சிலால் மேலிருந்து கீழாக அரை அங்குலத்துக்கு மிகாத கோடுகளை நெருக்கமாக வரையுங்கள். 4எச் போன்ற கடினப் பென்சில் தாளின் பூச்சைக் கீறிவிடும். பென்சில் எவ்வளவு அடர்ந்தாலும் முழுக் கறுப்பாகாமல் பளபளக்கும் என்பதால், ஆழ்ந்த இருளுக்கு வாட்டர் கலர் தேவைப்படும். விளக்குக் கறுப்போடு சிறிது பர்ன்ட் அம்பர் என்னும் அடர்பழுப்பு சேர்த்தால் பழைய படத்தின் வெதுவெதுப்பான கருமை வரும். இவ்வகைத் தாள் வண்ணத்தை உடனே குடித்துவிடும், பிறகு நீர் தொட்டு எடுக்க முடியாது. எனவே சுழி எண் தூரிகையைத் துணியில் ஒற்றி, ஏறக்குறைய உலர்ந்த நிலையில், வேண்டிய கருமையை நாலைந்து மெல்லிய பூச்சுகளில் அடையுங்கள். கைபட்டு அழுக்காகாமல் இருக்க உள்ளங்கைக்கு அடியில் ஒரு வெள்ளைத்தாள் வைத்துக்கொள்வது நல்லது. நான்கடி தள்ளி நின்று பார்க்கும்போது மூலை கண்ணை இழுக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

அசல் படத்தை அமிலமற்ற காகித உறையில் இட்டு, சமையலறைச் சுவரையோ வெளிச்சுவரையோ ஒட்டியிராத அலமாரி ஒன்றில் வையுங்கள். திருத்தாத ஸ்கேனை இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமியுங்கள். புதிய படத்தைக் கண்ணாடியைத் தொடாதபடி இடையில் அட்டைச் சட்டம் கொடுத்து மாட்டுவதற்கு முன், அதன் பின்புறத்தில் மென்பென்சிலால் செய்த வேலையைக் குறித்துவிட வேண்டும். எங்கள் படத்தின் பின்னால் இப்படி எழுதியிருக்கிறது: “கறையும் புள்ளிகளும் கணினியில் நீக்கப்பட்டன. இடது கீழ் மூலையில் புடவைக் கரையும் திரைச்சீலையும் கையால் வரைந்தவை. நாற்காலியின் கால் தெரியவில்லை. மூக்குத்தி அசலில் உள்ளது.”