நள்ளிரவில் விழிக்கும் குழந்தை: அவசரத்தில் நேரும் தவறுகள்

குழந்தை இரவில் கண்விழிப்பதையே ஒரு கோளாறாகக் கருதிவிட்டால், அதன்பின் செய்வதெல்லாம் பதற்றத்திலேயே நடக்கும். பிறந்த குழந்தை முதல் வாரங்களில் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். அவற்றில் சில இரவில்தான் வரும். இரவையும் பகலையும் பிரித்தறியும் உடல் கடிகாரம் ஓரளவு சீராகவே இரண்டு மூன்று மாதங்கள் பிடிக்கும். எனவே விழிப்பை அடியோடு நிறுத்த முயல்வது வீண். விழித்த குழந்தை மீண்டும் உறங்குவதற்கு நாமே எப்படித் தடையாகிறோம் என்பதைக் கவனிக்கலாம்.

அத்தடைகளில் முதன்மையானது, சிறு முனகல் கேட்டவுடன் குழந்தையைத் தூக்கிவிடுவது. பிறந்த குழந்தையின் உறக்கத்தில் ஏறக்குறைய பாதி, உடல் அசைந்துகொண்டே இருக்கும் மேலோட்டமான தூக்கம். இமைகள் துடிக்கும், உதடுகள் சப்புக்கொட்டும், கை திடீரென உதறும், முகம் கோணும், சில விநாடிகள் அழுகுரல்கூட வரும். ஆனாலும் குழந்தை விழித்திருக்காது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்திற்கு ஒருமுறை தூக்கத்தின் ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும்போது இப்படி நெளிவது இயல்பு. அந்த நேரத்தில் வாரியெடுத்துத் தோளில் போட்டால், தானாகவே அடங்கியிருக்கக்கூடிய குழந்தையை நாமே எழுப்பியவர்களாகிறோம். ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு கவனித்தால் போதும். முனகல் தேய்ந்து மறைந்தால் அது தூக்கம். மூடிய கையை வாயில் வைத்துச் சப்பி, தலையை இருபுறமும் திருப்பித் தேடினால் அது பசி. பசியென்று தெரிந்தபின் காத்திருப்பதும் தவறுதான், ஏனெனில் வீறிட்டு அழுது களைத்த குழந்தை சரியாகக் குடிக்காது, எளிதில் உறங்கவும் செய்யாது.

இரண்டாவது, இரவைப் பகலாக்கிவிடுவது. பெரிய விளக்கைப் போடுவது, கொஞ்சிப் பேசுவது, கைப்பேசித் திரையின் வெளிச்சம் முகத்தில் விழும்படி பால் கொடுப்பது ஆகியவை விளையாட்டு நேரம் வந்துவிட்டது என்றே குழந்தைக்கு உணர்த்தும். மங்கலான ஒளியும் தாழ்ந்த குரலும் போதும். மலம் கழித்திருந்தாலோ ஈரம் மிகுந்திருந்தாலோ மட்டும் டயப்பரை மாற்றலாம்; அதையும் பால் குடித்துக் கண் சொக்கிய பிறகு செய்யாமல், அதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

ஒரு நிமிடம் தட்டிக்கொடுப்பது, மறு நிமிடம் தூக்கி நடப்பது, பிறகு தொட்டிலை ஆட்டுவது, அதுவும் பலிக்காவிட்டால் இன்னொருவர் கையில் கொடுப்பது என்று உத்திகளை மாற்றிக்கொண்டே இருந்தால் எதற்கும் பலன் கிடைக்காது. மார்பின்மீது மெதுவாகக் கை வைத்து ஒரே சீராக "ஷ்ஷ்" என்று சொல்வதுகூடப் பலன் தரச் சில நிமிடங்கள் ஆகும். கையிலேயே உறங்கிய குழந்தையைப் படுக்கவைக்கும்போது தலையை முதலில் தாழ்த்தினால், விழுவதுபோன்ற உணர்வில் திடுக்கிட்டு விழித்துக்கொள்ளும். முதலில் பிட்டம், பிறகு முதுகு, கடைசியாகத் தலை என்று கிடத்தி, மார்பின்மீது கையைச் சற்றுநேரம் வைத்திருந்து பிறகு எடுக்க வேண்டும். நான்கு மாதத்திற்குப் பிறகு, முழுதாக உறங்குமுன் அரைத்தூக்கத்திலேயே கிடத்திப் பழக்கலாம். பால் குடித்தபடியே உறங்கும் பழக்கம் வீட்டில் யாருக்கும் சுமையாக இல்லையென்றால் அதைப் பிழையென்று சொல்வதற்கில்லை.

பகலில் தூங்கவிடாமல் வைத்திருந்தால் இரவில் நன்றாகத் தூங்கும் என்ற கணக்கு பெரும்பாலும் பொய்க்கும். அளவுமீறிக் களைத்த குழந்தை இன்னும் அதிகமாக அழும்.

சில தவறுகள் ஆபத்தானவை. குப்புறக் கிடத்தினால் குழந்தை ஆழ்ந்து உறங்குவது உண்மைதான். ஆனால் மூச்சுக்குத் தடை நேரும்போது விழித்துக்கொள்ள முடியாமல் போவதற்கும் அந்த ஆழமே காரணமாகலாம். முதல் ஒரு வருடம் மல்லாந்த நிலையில், தலையணையும் தளர்வான போர்வையும் பொம்மைகளும் இல்லாத சமமான, உறுதியான படுக்கையில்தான் கிடத்த வேண்டும். குழந்தையை வைத்துக்கொண்டு சோபாவில் கண்ணயர்வது மிகவும் ஆபத்தானது. புரளத் தொடங்கும் அறிகுறி தெரிந்தவுடன் துணியால் இறுக்கிச் சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும். வயிறு நிறைந்தால் தூங்கும் என்று புட்டிப்பாலில் மாவு கலப்பதும், தூக்கம் வரவழைக்கும் எண்ணத்துடன் சளி மருந்து கொடுப்பதும் அறவே கூடாது. மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை எட்டினாலோ, எந்த வயதிலும் பால் குடிக்க மறுத்தாலோ மூச்சுவிடத் திணறினாலோ, உறங்கவைக்கும் முயற்சியை விட்டுவிட்டு அந்த இரவிலேயே மருத்துவரை நாட வேண்டும்.

எல்லாப் பொறுப்பையும் ஒருவரே சுமப்பதும் தவறுதான். இரவை இரண்டாகப் பிரித்துக்கொண்டு, ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் வேறு அறையில் தொடர்ந்து சில மணி நேரமாவது உறங்க வேண்டும். உதவிக்கு ஆளில்லாமல், அழுகை ஓயாமல், பொறுமை எல்லை மீறுவதாகத் தோன்றினால், குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்திவிட்டுச் சில நிமிடங்கள் அறையைவிட்டு வெளியே வந்துவிடலாம். கோபத்தில் உலுக்கினால் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.