வீட்டுக்கு வரும் விளம்பர அழைப்புகளைக் குறைக்க

வருகிற எண்ணை எல்லாம் ஒவ்வொன்றாக பிளாக் செய்வதில் பெரிய பலன் கிடையாது. கூப்பிடுகிறவர்கள் எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

முதலில், அழைக்க வேண்டாம் என்று சொல்வதற்கான அதிகாரபூர்வப் பட்டியலில் எண்ணைப் பதியுங்கள். இந்தியாவில் இருந்தால் 1909-ஐ அழைத்தே பதியலாம். வீட்டில் மூன்று எண் இருந்தால் மூன்றையும் தனித்தனியே பதிய வேண்டும். மறுநாளே நின்றுவிடாது, பிரிட்டனில் 28 நாள், அமெரிக்காவில் 31 நாள் வரை ஆகும்.

பதிந்த பிறகும் அழைப்பு வந்தால், நீங்களே எங்கோ சம்மதம் கொடுத்திருக்கலாம். கடன் விண்ணப்பம், பரிசுக் கூப்பன், வாரன்டி அட்டை, செயலியின் பதிவுப் பக்கம் ஆகியவற்றின் அடியில், பொடி எழுத்துக்குப் பக்கத்தில், ஏற்கெனவே டிக் போட்ட கட்டம் இருக்கலாம். எண் பட்டியலில் இருந்தாலும், அந்தச் சம்மதத்தைக் காட்டி அழைப்பார்கள். ஆகவே அந்த நிறுவனத்திடமே ரத்து செய்ய வேண்டும். "என் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், எண்ணை நீக்குங்கள்" என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். வாய்ப்பேச்சுக்கு ஆதாரம் இருக்காது. இனி படிவங்களில் கட்டாயமில்லாத இடத்தில் எண்ணை எழுதவே எழுதாதீர்கள்.

போனை எடுத்ததும் சில விநாடி சத்தமே இல்லையென்றால், உடனே வைத்துவிடுங்கள். இயந்திரம் ஒரே நேரத்தில் பல எண்களுக்கு டயல் செய்துவிட்டு, எடுத்தவரோடு பேச ஆள் தேடுகிற இடைவெளியாக அது இருக்கலாம். பதிவுக் குரல் "நீக்க 9-ஐ அழுத்தவும்" என்றாலும் அழுத்தாதீர்கள். மோசடிக்காரர்களுக்கு அது இந்த எண்ணில் ஆள் இருக்கிறார் என்ற உறுதிச்சீட்டு. இவர்கள் எந்தப் பட்டியலையும் மதிப்பதில்லை. அழைத்தது உண்மையான நிறுவனம் என்றால் அதன் பெயர், தேதி, நேரம், எண் நான்கையும் குறித்துக்கொண்டு புகார் கொடுங்கள்; இதில் ஒன்று விடுபட்டாலும் விசாரிப்பது கடினம்.

லேண்ட்லைனுக்கு, அழைப்பைத் தடுக்கும் பட்டன் உள்ள போன் வாங்குமுன், இணைப்பில் காலர் ஐடி வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் எண் போனுக்கு வந்து சேராது, பட்டனும் வேலை செய்யாது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில், தெரிந்த எண்களை மட்டும் ஒலிக்க விடும் மாடல்தான் நல்லது.

ஸ்மார்ட்போனில் தெரியாத எண்களை ஒலிக்காமல் செய்யும் அமைப்பு உண்டு. கூரியர், மருத்துவமனை அழைப்புகளும் அதில் சிக்கும். முக்கியமான எண்களை முன்கூட்டியே சேமித்துவிட்டு அதை ஆன் செய்யுங்கள்.