மூளை ஆய்வு மாநாட்டுக்கு முடிந்த வேலையோடு போகாதீர்கள்

போன மாதம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இறுதியாண்டுப் பிள்ளைகள் மாநாட்டுக்கு அனுப்பவிருந்த ஆய்வுச் சுருக்கங்களை வாசித்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி மட்டும் தரவில்லை. ஏன் பிள்ளை என்று கேட்டேன். "இன்னும் முடியேல்லை மிஸ். முழுக்க முடிச்சிட்டு அடுத்த வருசம் அனுப்புறன்" என்றாள். நான் மாணவியாக இருந்தபோது என் மேற்பார்வையாளரிடம் ஏறக்குறைய இதையேதான் சொன்னேன். அந்தப் பதிலால் எனக்கு இரண்டு வருடம் போனது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மூளை பற்றிய மாநாட்டில் நரம்பியல் மருத்துவரும் பொறியியலாளரும் உளவியலாளரும் புள்ளிவிபரம் பார்ப்பவரும் எலியை வைத்து வேலை செய்பவரும் ஒரே மண்டபத்தில் நிற்பார்கள். மாணவர்களுக்கென்று நடத்தும் சிறிய மாநாடுகளிலும் இதே கலவைதான். ஆய்வைப் பெரிய தாளில் அச்சிட்டு மாட்டி, பக்கத்தில் நின்று விளக்கும் போஸ்டரில் எழுத்துப் பெரிதாக இருக்கவேண்டும், நேரத்துக்குப் போகவேண்டும் என்பதையெல்லாம் வேறு ஆட்கள் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது மாணவர்கள் செய்யும் பிழைகளையும் கவனிக்கவேண்டிய சிலவற்றையும்.

முடித்துவிட்டுப் போவது

என் முதல் மாநாடு தமிழ்நாட்டில். நான் பொறியியல் படித்தவள். தலையில் மின்வாய்கள் ஒட்டி மூளையின் மின் அலைகளை எடுக்கும் ஈஈஜி பதிவுகளைக் கணினியில் அலை அலையாகப் பிரித்துப் பார்ப்பதுதான் என் வேலை. போர் கண்ட வன்னியில், புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் பக்கங்களில் 41 பேரிடம் பதிவு எடுத்திருந்தோம். பெரும்பாலும் ஐம்பது கடந்த அம்மாக்கள். கண்ணை மூடி ஐந்து நிமிடம், திறந்து ஐந்து நிமிடம். மின்விசிறியிலிருந்து 50 ஹேர்ட்ஸ் மின்சார இரைச்சல் கலந்துவிடும் என்று அதையும் நிறுத்தி வைத்தோம். சித்திரை வெயிலில், மூடிய அறைக்குள், வியர்க்க வியர்க்க இருந்தார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

சிலரில் 13 முதல் 30 ஹேர்ட்ஸ் வரையான, அதாவது செக்கனுக்கு 13 முதல் 30 தடவை வரும் பீட்டா அலைகள் நன்றாகக் கூடியிருந்தன. மன அழுத்தத்தின் தடயம் என்று போஸ்டரில் எழுதி, வண்ண வரைபடமும் போட்டேன். இரண்டாம் நாள் காலை ஒரு மனநல மருத்துவர் வந்து நின்று ஆறுதலாக வாசித்தார். என் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே கேட்டார்: "இவங்கள்ல யாராவது தூக்க மாத்திரை எடுக்கிறாங்களா?"

தெரியாது. நாங்கள் கேட்கவே இல்லை.

நித்திரைக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் டயசெபாம் போன்ற பென்சோடயசெபீன் வகை மருந்துகள் பீட்டா அலைகளைக் கூட்டும். ஈஈஜி அறையில் வேலை செய்யும் எந்தத் தொழில்நுட்பவியலாளருக்கும் இது அரிச்சுவடி. எனக்குத் தெரியவில்லை. என் வேலையைப் பார்த்த எல்லோரும் பொறியியலாளர்கள், அவர்களுக்கும் தெரியவில்லை. சமிக்ஞையைச் சுத்தமாக்கும் முறை பற்றி மாதக்கணக்கில் வாதாடிய நாங்கள், அந்தச் சமிக்ஞை யாருடைய தலையிலிருந்து வருகிறது என்று விசாரிக்கவில்லை.

திரும்பி வந்து ஒவ்வொருவராகத் தேடினோம். 26 பேரைத்தான் பிடிக்க முடிந்தது. அவர்களில் 11 பேர் நித்திரைக்குக் குளிசை எடுப்பவர்கள். ஒரு அம்மா பொலித்தீன் பைக்குள்ளிருந்து கிளினிக் கொப்பியை எடுத்துத் தந்தார். "இது போட்டாத்தான் பிள்ளை கொஞ்சமாவது கண் அயரும். அண்டைக்கும் இது பைக்குள்ளதானே இருந்தது, நீங்கள் கேக்கேல்லை" என்றார். பதிவு எடுத்த நாளில் மருந்து எடுத்தார்களா, எவ்வளவு எடுத்தார்கள் என்பதை இனி நினைவிலிருந்து சொல்ல முடியாது. 41 பதிவையும் ஒதுக்கிவைத்தேன்.

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது என் இரண்டு வருடத்தை நினைத்து மட்டும் இல்லை. இரண்டு பஸ் மாறி வந்து, அந்தப் புழுக்கத்தில் எங்களை நம்பி இருந்த அம்மாக்களின் நேரத்தை வீணாக்கிவிட்டோம். முதல் ஆறு பேரின் பதிவோடு முதல் வருடமே போயிருந்தால் அதே மருத்துவர் அதே கேள்வியைக் கேட்டிருப்பார். படிவத்தில் ஒரு வரி கூட்டியிருப்போம், மிச்சம் 35 பேரும் வீண்போயிருக்க மாட்டார்கள்.

அதே மாநாட்டில் ஒரு ஈஈஜி தொழில்நுட்பவியலாளர் தேநீர் வரிசையில் நின்றபடி சொன்னது இன்னொன்று. தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால் மின்வாய் தோலோடு ஒழுங்காகத் தொடுகை கொள்ளாது, முதல்நாள் முழுகி எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லுங்கள். வியர்வை, பதிவில் மெதுவான ஏற்ற இறக்கத்தைக் கொண்டுவரும், காலை வேளையில் எடுங்கள். எங்கள் பக்கத்தில் எண்ணெய் வைக்காமல் வெளியே இறங்கும் அம்மாவைக் காண்பது அரிது. இரண்டு வருடம் நான் மென்பொருளால் கழுவப் பார்த்த அழுக்கு தேங்காயெண்ணெயும் வியர்வையும்!

ஹான்ஸ் பேர்கர் 1924 இல் ஜெர்மனியின் யேனா நகரில் முதன்முதலாக மனித ஈஈஜியைப் பதிவுசெய்தார். அவர் ஒரு மனநல மருத்துவர். பெரும்பாலும் தனியாகவே வேலை செய்து, 1929 இல்தான் வெளியிட்டார். அப்போதும் உடலியங்கியலாளர்கள் பலர் நம்பவில்லை. 1934 இல் கேம்பிரிட்ஜில் உடலியங்கியலாளர்களான ஏட்ரியனும் மத்தியூசும் அதைத் திரும்பச் செய்து காட்டிய பிறகே உலகம் ஏற்றுக்கொண்டது. அத்தனை பெரிய கண்டுபிடிப்புக்கே மற்றத் துறையின் கண் தேவைப்பட்டது.

ஆகவே ஐந்தாறு பேரின் பதிவோடு போங்கள். போஸ்டரில் பாதி இடத்தை எப்படி அளந்தீர்கள் என்பதற்குக் கொடுங்கள். கீழே உங்களுக்கு விடை தெரியாத மூன்று கேள்விகளை எழுதுங்கள். நீங்கள் பயன்படுத்தும் விபரப் படிவத்தை ஏ4 தாளில் இருபது பிரதி எடுத்து, வருபவர் கையில் பேனையோடு கொடுத்து, என்ன விடுபட்டிருக்கிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். நிகழ்ச்சி நிரலை முதல்நாளே வாசித்து ஒரு மருத்துவர், ஒரு புள்ளிவிபரவியலாளர், உங்கள் கருவியைக் கையால் தொட்டு வேலை செய்யும் ஒருவர் என்று மூன்று பேரை நீங்களே தேடிப் போங்கள்.

"யோசனையைக் களவெடுத்திடுவினம் மிஸ்" என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். உங்கள் சுருக்கம் பெயரோடும் திகதியோடும் பதிவாகிறது. அந்த ஊருக்குள் போய், அந்த மக்களின் நம்பிக்கையைப் பெற்று, திண்ணையில் இருந்து கதைக்க வேறு ஆரால் முடியும்?

மாதிரி

எங்கள் மொழியிலேயே இந்தச் சொல் மூன்று வேலை செய்கிறது. ஆய்வுக்கு எடுத்த ஆட்களும் மாதிரி, கணிதச் சமன்பாடும் மாதிரி, "அது மாதிரி" என்பதும் மாதிரி. மாநாட்டிலும் இதே குழப்பம் உண்டு. விலங்கில் வேலை செய்பவருக்கு மாதிரி என்றால் எலி, பொறியியலாளருக்குச் சமன்பாடு, உளவியலாளருக்குப் பெட்டியும் அம்புக்குறியும் போட்ட படம். பத்து நிமிடம் தலையாட்டிக் கதைத்துவிட்டு இரண்டு பேரும் வேறு வேறு விடயம் பேசியிருக்கிறோம் என்று கண்டுபிடித்த அனுபவம் எனக்கு உண்டு. வலையமைப்பு, செயற்படல், இணைப்பு ஆகியவையும் இப்படித்தான். முதல் தடவை சொல்லும்போதே நீங்கள் எதைக் கருதுகிறீர்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

திருத்தாத புள்ளிவிபரம்

2009 இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மனித மூளை வரைபட மாநாட்டில் ஒரு போஸ்டர் இருந்தது. செத்த சால்மன் மீன் ஒன்றை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, அவர்களின் உணர்ச்சி என்னவென்று கேட்டார்கள். மூளைப் படத்தின் ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரம் சோதித்ததற்கான திருத்தத்தைச் செய்யாமல் விட்டபோது மீனின் மூளை "செயற்பட்டது". திருத்தம் செய்ததும் அது மறைந்தது. உங்கள் 32 மின்வாய்களுக்கும் ஐந்து அலைவரிசைகளுக்கும் அதே விதிதான். அது 160 சோதனை, திருத்தாவிட்டால் சில தற்செயலாகவே "செயற்பட்டது" என்று வரும்.

வன்னியை ஒரு நோயாகக் காட்டுவது

செய்யாதீர்கள். "போர் கண்ட மக்களின் மூளை" என்று தலைப்பு வைத்த போஸ்டரை, கிளினிக் கொப்பி தந்த அந்த அம்மாவுக்கு முன்னால் விரித்து வாசிக்க முடியுமா என்று பாருங்கள்.

பணம் கேட்டு வரும் அழைப்பு

நீங்கள் விண்ணப்பிக்காமலே உங்களைச் "சிறப்புப் பேச்சாளர்" என்று அழைத்துப் பணம் கேட்டால், கட்டவேண்டாம்.

விசாவும் உதவிப் பணமும்

ஐரோப்பிய நரம்பறிவியல் மன்றத்தின் மாநாடு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும், 2022 இல் பாரிஸ், 2024 இல் வியன்னா. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முதல் தடவை என்றால் கைரேகை கொடுக்க நீங்களே கொழும்புக்குப் போகவேண்டும். இரவு பஸ், ஒரு நாள் லீவு, குறையும் கடிதத்துக்காக இன்னொரு நாள் என்று கணக்குப் போடுங்கள். பயண உதவிப் பணத்துக்கான கடைசித் திகதி பல இடங்களில் மாநாட்டுக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே முடிந்துவிடும், முதலில் அதைப் பாருங்கள். 1961 இல் தொடங்கிய சர்வதேச மூளை ஆய்வு அமைப்புக்கு ஆசிய பசிபிக் நாடுகளுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அதன் பயிற்சிப் பள்ளி அறிவிப்புகளை வருடத் தொடக்கத்திலிருந்தே கவனியுங்கள். மேற்பார்வையாளரின் கடிதத்தை முதல் கிழமையே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.