வீட்டுக்குள் குண்டு மிளகாய்: பூ வந்த பிறகு செய்யக் கூடாதவை

செட்டிநாட்டு வீடுகளில் இரண்டாங்கட்டு அறைகளுக்குள் வெயில் சரியாக விழாது. அங்கே எல்இடி விளக்கைத் தொங்கவிட்டு, ராமநாதபுரம் குண்டு மிளகாயைத் தொட்டியில் வளர்ப்பவர்கள் பூ வரும் வரை பெரும்பாலும் சரியாகவே செய்கிறார்கள். மிளகாய் பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கிற செடி இல்லை, வயசு வந்தால் தானே பூத்துவிடும். கெடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பூவைப் பார்த்ததும் யூரியா

எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல் இது. யூரியாவில் இருப்பது தழைச்சத்து (நைட்ரஜன்), அது ஏறினால் செடி இலையைத்தான் வளர்க்கும். இலை கரும்பச்சையாகப் பளபளக்கும், கணுவுக்குக் கணு இடைவெளி நீளும், பூக்காம்பு மஞ்சளாகி விரல் பட்டாலே உதிரும். செடி செழிப்பாகத் தெரிவதால் தவறு எங்கே என்று பிடிபடாது. பள்ளத்தூரில் ஒரு ஆச்சி வீட்டில் நாலு செடி இடுப்பளவு நின்றது, காய் ஒரு கைப்பிடி தேறாது. பூ கொட்டுகிறதே, சத்துப் போதவில்லை என்று நினைத்து மறுபடியும் யூரியா வைத்திருந்தார். இப்படியே ஒரு பருவம் முழுக்கப் போய்விடும்.

மொட்டுக் கட்டும் வரை 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் இருக்கும் கரையும் உரம்), லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம், பத்து நாளுக்கு ஒரு முறை. மொட்டு தெரிந்ததும் அதை நிறுத்தி 0:0:50 (சாம்பல் சத்து மட்டும் இருக்கும் உரம்), லிட்டருக்கு 1 முதல் 2 கிராம். கால்சியம் நைட்ரேட் கொடுப்பதானால் லிட்டருக்கு 1 கிராமைத் தாண்டாதீர்கள், அதிலும் தழைச்சத்து உண்டு. அதையும் 0:0:50-ஐயும் ஒரே வாளியில் கரைக்கவே கூடாது. பின்னது சல்பேட் உப்பு, இரண்டும் சேர்ந்தால் ஜிப்சமாகி அடியில் தங்கிவிடும்.

யூரியா போட்டாகிவிட்டதா? தொட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோய், அதன் கொள்ளளவில் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். அறைக்குள் செய்தால் ஆத்தங்குடித் தரைக்கல்லில் உப்புப் பூத்துக் கறை நிற்கும். அதன் பிறகு இரண்டு வாரம் எந்த உரமும் வேண்டாம். பூ உதிர்வுக்குப் பலரும் தெளிக்கிற பிளானோஃபிக்ஸ் என்ற வளர்ச்சி ஊக்கி (4.5 லிட்டர் தண்ணீருக்கு 1 மி.லி.) நல்ல மருந்துதான், ஆனால் தழைச்சத்தைக் குறைக்காமல் அடித்தால் காசுதான் வீண்.

அசையாத பூ

மிளகாய்ப் பூ தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ஆனால் அந்த மகரந்தம் உதிர்ந்து, பூவின் நடுவில் இருக்கும் சூல்முடியில் விழ வேண்டும். மூடிய அறையில் காற்றும் இல்லை, தேனீயும் இல்லை. காலையில் பூ விரிந்த பிறகு காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். மேஜை ஃபேனைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டாலும் சரி.

இரவெல்லாம் விளக்கு

வேண்டாம். 14 மணி நேரம் போதும்.

சூடு

35 டிகிரிக்கு மேல் போனால் பூ நிற்காது. விளக்குக்கும் நுனிக்கும் 30 செ.மீ. இடைவெளி விடுங்கள். நுனி இருக்கும் உயரத்தில் புறங்கையை வைத்தால் சுடக் கூடாது.

காயப்போட்டு மொத்தமாக ஊற்றுவது

தொட்டி வறண்டு, பிறகு வெள்ளமாக நனைந்தால் கால்சியம் காய்க்குப் போய்ச் சேராது. காய் நுனி பழுப்பாகி அழுகும். மேல்மண் ஒரு விரற்கடை காய்ந்ததும் ஊற்றுங்கள், தட்டில் வடிந்ததைக் கொட்டிவிடுங்கள்.

சுருண்ட இலை

மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலக்கி, விளக்கை அணைத்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். விளக்கு எரியும்போது அடித்தால் இலை கருகும்.

பாதிச் சிவப்பில் பறிப்பது

வற்றலுக்கு என்றால் காய் முழுக்கச் சிவக்கட்டும். அரைப்பழத்தைக் காயவைத்தால் வெளிறிப்போகும்.