பனி கொட்டாத ஊரில் படகை விண்டரைஸ் செய்ய வேண்டுமா?

கடுங்குளிர் உள்ள இடங்களில் சீசன் முடிந்ததும் எல்லோரும் இன்ஜினுக்குள் நிற்கும் தண்ணீரை வடித்துவிடுவார்கள். படகைக் குளிர்காலத்துக்குத் தயார்செய்யும் விண்டரைஸ் வேலையில் முக்கியமானது இதுதான். மிதமான ஊரில்தான் "இங்கே எங்கே உறையப்போகிறது" என்று விட்டுவிட்டு, வருடத்தில் ஒரே ஒரு இரவில் மாட்டிக்கொள்கிறார்கள். தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். இன்ஜினின் வார்ப்பிரும்பு வளைந்துகொடுக்காது, விரிசல்தான் விடும்.

படி 1: எந்த வகை இன்ஜின்?

பாதி முடிவு இதிலேயே வந்துவிடும்.

அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டியிருக்கும் இன்ஜின்) என்றால் பெரிய கவலை இல்லை. செங்குத்தாக இறக்கி நிறுத்தினால் தண்ணீர் தானாக வடிந்துவிடும். தூக்கிவைத்த நிலையில் விட்டுவிடாதீர்கள். மழைநீர் தேங்கி உறையலாம். கீழ்க் கியர் ஆயிலை மட்டும் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் சீல் வழியே தண்ணீர் புகுந்திருக்கிறது. அது உறைந்தால் கியர் பெட்டியே பிளக்கும்.

ஏரி நீரையோ கடல்நீரையோ நேராக உறிஞ்சிக் குளிரும் இன்போர்டு (இன்ஜின் படகுக்குள்ளே இருக்கும்), ஸ்டெர்ன்டிரைவ் (இன்ஜின் உள்ளே, புரொப்பல்லர் பகுதி பின்புறம் வெளியே) இன்ஜின்களில்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது. இன்ஜினை நிறுத்திய பிறகும் பிளாக்கிலும் (இன்ஜினின் முக்கிய வார்ப்பு உடல்) எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் (புகையைச் சேர்த்து வெளியேற்றும் பகுதி) தண்ணீர் அப்படியே நிற்கும். கூலன்ட் எனும் குளிர்விப்புத் திரவம் சுற்றும் மூடிய அமைப்பில் பிளாக் தப்பிக்கும்; ஆனால் வெப்பப் பரிமாற்றியின் வெளிநீர்ப் பக்கத்தை வடித்தே ஆக வேண்டும்.

படி 2: சராசரியைப் பார்க்காதீர்கள்

குளிர்கால சராசரி வெப்பநிலை இதற்கு உதவாது. கடந்த பத்து வருடங்களில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையைத் தேடிப் பாருங்கள். ஒருமுறையாவது 0 டிகிரிக்குக் கீழே போயிருந்தால் தயாராக இருக்க வேண்டும். மேகமோ காற்றோ இல்லாத இரவில், திறந்தவெளியில் டிரெய்லர்மேல் நிற்கும் படகு முன்னறிவிப்பு சொல்வதைவிடக் கூடுதலாகவே குளிரும். அதனால் 2 டிகிரி என்று அறிவிப்பு வந்தாலே வடித்துவிடுவது நல்லது. தண்ணீரில் மிதக்கும் படகுக்குச் சுற்றியுள்ள நீர் ஓரளவு கதகதப்பு தரும். டிரெய்லரில் நிற்பதற்கு அதுவும் கிடையாது.

படி 3: அன்று மாலை உங்களால் போக முடியுமா?

படகு வீட்டுப் பக்கத்தில் நிற்கிறது, அரைமணி நேரத்தில் வடித்துவிடலாம் என்றால், சீசன் முழுக்க ஓட்டிவிட்டுக் குளிர் அறிவிப்பு வரும்போது மட்டும் வடித்தால் போதும். தொலைவில் நிற்கிறதா, வாரக்கணக்கில் போக மாட்டீர்களா? யோசிக்கவே வேண்டாம், இப்போதே வடித்துவிடுங்கள்.

இன்ஜின் அறையில் மின் ஹீட்டர் வைத்துச் சமாளிப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கடுங்குளிர் அடித்த அதே நாட்களில்தான் லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போனது. பெட்ரோல் ஆவி தேங்கக்கூடிய அறையில் சாதாரண ஹீட்டர் தீ ஆபத்தும்கூட.

படி 4: வடிப்பது எப்படி

இன்ஜின் கையேட்டில் வடிகால் பிளக் படத்தை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். வி வடிவ இன்ஜினில் பொதுவாக பிளாக்கின் இருபுறமும் ஒவ்வொன்று, இரண்டு மேனிஃபோல்டுகளிலும் ஒவ்வொன்று இருக்கும். தண்ணீர் பம்புக்குப் போகும் தாழ்வான ஹோஸ்களையும் கழற்ற வேண்டும்.

புதியவர்கள் தவறுவது இங்கேதான். பிளக்கைக் கழற்றுகிறார்கள், நாலு சொட்டு விழுகிறது, "காலி" என்று முடிவுகட்டுகிறார்கள். உள்ளே துருவும் மணலும் துளையை அடைத்திருக்கும். வளைத்த கம்பி ஒன்றை உள்ளே விட்டுக் குத்துங்கள். பழுப்பாகக் குபுகுபுவெனக் கொட்டினால் அதுதான் உங்கள் பிளாக்கை உடைத்திருக்கக்கூடிய தண்ணீர். நின்றதும் மறுபடி ஒருமுறை குத்துங்கள்.

கழற்றிய பிளக்குகளை ஒரு பையில் போட்டு இன்ஜின் சாவியோடு கட்டுங்கள். மறந்துபோய் யாரும் ஸ்டார்ட் செய்ய மாட்டார்கள்.

படி 5: ஆன்டிஃப்ரீஸ் (உறையாமல் காக்கும் திரவம்) தேவையா?

முழுக்க வடித்துவிட்டால் உறைய எதுவும் இல்லை. மிதமான ஊருக்கு அதுவே போதும் என்பது எங்கள் கருத்து. இருந்தாலும் ஊற்றுவதானால் புரொப்பிலீன் கிளைகால் வகை வாங்குங்கள். எத்திலீன் கிளைகால் விஷம். முதலில் வடித்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். உள்ளே நிற்கும் தண்ணீரோடு கலந்து நீர்த்துப்போனால் டப்பாவில் போட்டிருக்கும் பாதுகாப்பு கிடைக்காது.

இன்ஜினை ஓடவிட்டு ஆன்டிஃப்ரீஸை உறிஞ்ச வைக்கும் முறையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இன்ஜின் சூடாகாவிட்டால் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பத் திறக்கும் வால்வு) திறக்காது. திரவம் பிளாக்குக்குள் போகாமல் சுற்றுவழியில் எக்ஸாஸ்டுக்குப் போய்விடும். பின்பக்கம் ஆன்டிஃப்ரீஸின் இளஞ்சிவப்பு நிறம் வருகிறதே என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள், பிளாக்கில் பழைய தண்ணீரே நிற்கும்.

படி 6: குளிரே வராவிட்டாலும்

இரண்டு மாதத்துக்கு மேல் நிறுத்தினால் பெட்ரோலில் அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்து, கார்புரேட்டர் வரை போய்ச்சேர பத்து நிமிடம் ஓட்டுங்கள். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து இணைப்பைக் கழற்றுங்கள். சார்ஜ் தீர்ந்த பேட்டரி −10 டிகிரிக்கு முன்பே உறைந்துவிடும். குடிநீர்த் தொட்டி, கழிப்பறை பம்ப், மீன்தொட்டி ஹோஸ் ஆகியவற்றிலும் தண்ணீர் நிற்கும், மறக்க வேண்டாம்.

சீசன் தொடங்கும்போது பிளக்குகளை மாட்டி, ஹோஸ் தண்ணீரில் கரையிலேயே இன்ஜினை ஓட்டுங்கள். சூடானதும் பிளாக்கின் பக்கவாட்டில் கையை ஓட்டி ஈரம் இருக்கிறதா பாருங்கள். பிறகு டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உருவுங்கள். ஆயில் வெளுத்துப் பால்போல இருந்தால் விரிசல் உள்ளே விழுந்திருக்கலாம். இன்ஜினை உடனே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.