முதல் வாரமே தங்க மோதிரம் கிடைத்தால்: மெட்டல் டிடெக்டர் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் தென்கரை ஊர்களில் கோடைக் கூட்டம் கலைந்ததும், மெட்டல் டிடெக்டரும் ஹெட்போனுமாக வேறொரு கூட்டம் மணலில் இறங்கும். அதில் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு முதல் வாரமே தங்க மோதிரம் தட்டுப்படுவது அபூர்வமல்ல. ஆகஸ்ட் முழுக்க வெயில் காய வந்தவர்கள் சன்ஸ்கிரீன் பூசிய கையோடு குளிர்ந்த கடலில் இறங்கியிருப்பார்கள். குளிரில் விரல் சுருங்கும், மோதிரம் வழுக்கிக்கொண்டு போய்விடும். துண்டு விரித்த இடத்தில் கழற்றி வைத்ததும் மணலில் புதைந்திருக்கும். அண்மையில் விழுந்த பொருள் மேல்மணலிலேயே கிடப்பதால் எந்தக் கருவியும் அதைக் காட்டிக்கொடுக்கும். அந்த மோதிரத்தைத் தந்தது பருவமும் இடமும்தான். அதை நம் கைராசி என்று எடுத்துக்கொண்டால் அடுத்தடுத்த தவறுகள் வரிசையாக வரும்.

நகை தேடுவோருக்கு அதிக நஷ்டம் தருவது, 'நல்ல சத்தம்' வந்தால் மட்டும் தோண்டும் பழக்கம். கருவியில் டிஸ்கிரிமினேஷன் என்று ஒரு வசதி உண்டு. குப்பை உலோகங்களுக்குச் சத்தமே வராமல் அடைத்துவிடலாம். புதியவர் முதல் வேலையாக அதைத்தான் முடுக்குவார். ஆனால் கருவிக்குத் தங்கம், அலுமினியம் என்ற பெயரெல்லாம் தெரியாது. எதிரே உள்ள பொருளில் மின்னோட்டம் எப்படிச் சுழல்கிறது என்பதை மட்டுமே அது அளக்கிறது. உலோகத்தின் கடத்துதிறன், அளவு, கனம், வடிவம் எல்லாம் கலந்து ஒரே எண்ணாகத் திரையில் வரும். அதனால் மெல்லிய தங்க மோதிரமும் அலுமினியத் தாளும் ஒரே எண்ணில் வந்து நிற்கும். கொஞ்சம் கனமான மோதிரம், கோக் டப்பாவைத் திறக்க இழுக்கும் வளையத்தின் எண்ணில் வரும். அந்த எண்களை அடைத்தால் தங்கத்துக்கும் கதவை அடைத்ததாகிவிடும்.

ஈர மணலில் காயிலை, அதாவது கருவியின் அடியில் உள்ள வட்டத் தட்டை, ஆட்டிப் பாருங்கள். திரையில் எண் ஒன்றிரண்டு இடம் தடுமாறும், குட்டியாக ஒரு கரகரப்பு கேட்கும். துளை போட்ட ஸ்கூப்பில் அள்ளிச் சலித்தால் சாக்லேட் சுற்றிய தாள். அடுத்த சத்தத்துக்கும் அதே தாள். அதற்கடுத்து, அதே எண்ணில், விளிம்பு தேய்ந்த 9 காரட் மோதிரம். குப்பையை அலுக்காமல் தோண்டுகிறவருக்குத்தான் அது கிடைக்கும்.

சங்கிலி தேடினால் இன்னும் கஷ்டம். சங்கிலியைக் கருவி ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கண்ணியும் அதற்குத் தனித்தனிப் பொடி. கனத்த சங்கிலியைவிட மெல்லிய மோதிரம் தெளிவாகக் கேட்பது இதனால்தான். பெரும்பாலும் கொக்கியோ பதக்கமோதான் சங்கிலியைக் காட்டிக்கொடுக்கும். அறுந்த மோதிரத்துக்கும் இதே கதிதான்: வட்டம் உடைந்தால் மின்னோட்டம் சுற்றி வர வழியில்லை, சத்தம் மங்கிவிடும். தாலிக்கொடி தொலைந்தது என்று நம்மவர் யாராவது உதவி கேட்டால், முதலில் அதில் என்னென்ன உருப்படி கோத்திருந்தது என்று கேளுங்கள்.

சென்சிட்டிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனை, உச்சத்தில் வைப்பதும் வேண்டாம். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் ஈர மணலே உலோகம்போலக் கூச்சலிடும். கொஞ்சம் குறைத்து வைத்தால் உண்மையான சத்தம் தனித்துக் கேட்கும். காயிலை வீசும்போது இரு முனையிலும் மேலே தூக்காமல் தரையை ஒட்டி, முந்தைய வீச்சின் பாதியை மூடும்படி மெதுவாக நகர்த்துங்கள். தோண்டிய குழியை மூடுங்கள், குழந்தைகள் ஓடும் இடம்.

முதல் மோதிரம் கிடைத்த அதே பத்தடியில் வாரக்கணக்கில் சுற்றுவோர் உண்டு. கடற்கரை அலையோடு மாறிக்கொண்டே இருக்கிறது. புயலடித்த மறுநாள், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி நீர் வெகுதூரம் வற்றும்போது, மேல்மணல் அரித்துப்போன பள்ளங்களைப் பாருங்கள். தூண்டில் ஈயக்குண்டும் நாணயமும் ஒரே பட்டையில் கிடைத்தால் அங்கே கனமான பொருள்களை அலை ஒதுக்கியிருக்கிறது என்று பொருள். அந்தப் பட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு போங்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, கிடைத்தது நமக்கே என்று நினைப்பது. அனுமதி கேட்காமல் இறங்குவதில் இது தொடங்குகிறது. இங்கிலாந்தில் கடற்கரை ஒவ்வொன்றும் யாருக்காவது சொந்தம். பாதுகாக்கப்பட்ட தொல்சின்ன இடங்களில் உரிமம் இல்லாமல் டிடெக்டர் ஓட்டுவதே 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

1992 நவம்பரில் சஃபோக் மாவட்டத்தின் ஹாக்ஸன் கிராமத்தில், விவசாயி ஒருவர் தொலைத்த சுத்தியலைத் தேடித் தரப் போனார் அவருடைய நண்பர் எரிக் லாஸ். பணி ஓய்வுக்குப் பரிசாக வந்த டிடெக்டர் அவர் கையில் இருந்தது. கிடைத்தது ரோமானியர் காலப் புதையல்: பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட நாணயங்கள், தங்க நகைகள், வெள்ளிக் கரண்டிகள். கொஞ்சம் எடுத்ததும் அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து எடுத்தபோது, புதைத்துவைத்த பெட்டி மரம் உளுத்துப்போயிருந்தும் பொருள்கள் அடுக்கிய நிலையிலேயே இருந்தன. எதன் பக்கத்தில் எது வைக்கப்பட்டது என்று அதனால்தான் அறிய முடிந்தது. புதையலின் மதிப்பு 17.5 லட்சம் பவுண்டு என்று வைக்கப்பட்டது. அந்தச் சுத்தியலும் பிறகு கிடைத்து, இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதிர்ஷ்டம் அடித்த அந்த நிமிடத்தில் கையை நிறுத்தத் தெரிந்த அந்த மனிதரை நான் மிகவும் மதிக்கிறேன்.

இன்றைக்கு இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் நடப்பில் உள்ளது. 300 ஆண்டுக்கு மேற்பட்ட ஒற்றைத் தங்க மோதிரம்கூட அதில் அடங்கும், 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டில் கருவி வாங்க நினைப்பவர்கள் 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

போன வருடம் விழுந்த திருமண மோதிரம் புதையல் ஆகாது. அது இன்னொருவர் தேடி அழுத பொருள். உரியவரைக் கண்டுபிடிக்க வழி இருக்கும் என்று தெரிந்தே வைத்துக்கொண்டால் இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி அது திருட்டு. மோதிரத்தின் உள்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். 375 என்றால் 9 காரட், நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் முத்திரை இட்டது, தனி எழுத்து இருந்தால் அது ஆண்டைச் சொல்லும். பெயரோ கல்யாணத் தேதியோ பொறித்திருந்தால் பாதி வேலை முடிந்தது. போலீசிலும் உள்ளூர் கவுன்சிலிலும் சொல்லிவையுங்கள், அந்த ஊர் ஃபேஸ்புக் குழுக்களிலும் போடுங்கள். மோதிரத்தின் படத்தைப் போடாதீர்கள். 'இன்ன கடற்கரையில் ஒரு மோதிரம் கிடைத்தது' என்று மட்டும் எழுதி, உள்ளே என்ன பொறித்திருக்கிறது, எந்த விரல் அளவு, எந்த மாதம் தொலைந்தது என்பதைக் கேட்டு வருகிறவரே சொல்லட்டும்.