சொம்புக்கு எத்தனை நிமிடம்? விமான நிலையச் சோதனையில் நேரத்தைத் தொலைக்கும் தவறுகள்

போன மாதம் சென்னை விமான நிலையத்தில் ஒரு பையனைப் பார்த்தேன். கையில் சின்ன மஞ்சள் கொடி. பின்னால் முப்பது பெரியவர்கள், எல்லோர் கழுத்திலும் ஒரே மாதிரி அடையாள அட்டை. காசிக்கு அழைத்துப் போகிறான். "டைம் இருக்கா தம்பி?" என்று கேட்டேன். "ஒன்றரை மணி நேரம் இருக்குண்ணே, செக்யூரிட்டி பத்து நிமிஷம்தான்" என்றான். யாத்திரைக் கூட்டம் அழைத்துப்போகும் இந்தத் தொழிலுக்கு நான் வந்த புதிதில் சொல்லிக்கொண்டு திரிந்ததும் இதையேதான். அதற்கு நான் கட்டிய அபராதம் எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாது.

தண்ணீர் பாட்டில், நகவெட்டி, ஆதாரை வீட்டில் வைத்துவிட்டு வருவது, இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதை எல்லோரும் சொல்லியாகிவிட்டது.

கிளம்பும் நேரத்திலிருந்து கணக்குப் போடுவது

டிக்கெட்டில் 6.10 என்று இருந்தால் மனதில் 6.10 பதிந்துவிடுகிறது. அந்த 6.10 விமானிக்கு. நமக்குரிய நேரம் கேட் மூடும் நேரம். பெரும்பாலான நிறுவனங்கள் உள்நாட்டு விமானத்துக்கு 20, 25 நிமிடம் முன்னால் கேட்டை மூடிவிடும். பெட்டி போடும் கவுண்டர் அதற்கும் முன்னால், 60 நிமிடத்துக்கு முன்பே மூடிவிடும். ஆக 6.10 விமானத்துக்கு 5.10-க்குள் பெட்டி உள்ளே போயிருக்க வேண்டும், 5.45-க்குள் நாம் கேட்டில் நிற்க வேண்டும். இடையில் இருப்பது முப்பத்தைந்தே நிமிடம். அதில் சோதனை வரிசை, கேட் வரைக்கும் நடை, முழங்கால் வலிக்காரர்களின் நடை, நடுவில் கழிவறை. பேருந்தில் கொண்டுபோய் ஏற்றும் கேட் என்றால் கீழ்த்தளத்துக்கு இறங்க வேண்டும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் இப்போது பின்னாலிருந்துதான் எண்ணுகிறேன். கேட் 5.45, நடை 10, சோதனை 45, கவுண்டர் 30, வாசல் 15. அதிகாலை நாலு மணிக்கு வாசலில் நிற்கச் சொன்னால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

"போன தடவை பத்து நிமிஷம்தான் ஆச்சு"

போன தடவை செவ்வாய்க்கிழமை மத்தியானம் போயிருப்பீர்கள். உள்நாட்டு முனையத்தில் காலை ஐந்திலிருந்து எட்டு வரை வேறு உலகம். சென்னையிலிருந்து வளைகுடா, ஐரோப்பா போகிறவர்களுக்கு நள்ளிரவுக்கு மேல்தான் கூட்டம். குடியரசு தினம், சுதந்திர தினத்தை ஒட்டிய நாட்களில் சோதனை இறுகும். 2022 டிசம்பரில் டெல்லி மூன்றாம் முனையத்தில் கூட்டம் கட்டுக்கடங்காமல் போனபோது, உள்நாட்டுப் பயணிகளையே மூன்றரை மணி நேரம் முன்னால் வரச் சொன்னது ஒரு விமான நிறுவனம். 2025 மே மாதம் எல்லையில் பதற்றமாக இருந்தபோது நாடு முழுக்க மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொன்னார்கள். கவுண்டரை 75 நிமிடம் முன்பே மூடினார்கள். விமானத்தில் ஏறப்போகும் இடத்தில் இன்னொரு முறையும் பையைப் பார்த்தார்கள். பத்து நிமிடக் கணக்கு அந்த வாரம் யாருக்கும் உதவியிருக்காது.

வரிசை முடிந்தால் சோதனை முடிந்தது என்று நினைப்பது

இதைத்தான் சொல்ல வந்தேன்.

எல்லோரும் வரிசையின் நீளத்தைப் பார்க்கிறார்கள். முன்னால் நாற்பது பேர், பதினைந்து நிமிடம், சரி என்று நிம்மதியாகிறார்கள். ஆனால் நேரம் தின்னும் இடம் வரிசைக்கு அப்பால் இருக்கிறது. எக்ஸ்ரே இயந்திரத்தின் மறுபக்கத்தில் ட்ரேக்கள் வரும் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று நம் கைக்கு வரும். இன்னொன்று தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிப் போகும். உங்கள் பை அங்கே ஒதுங்கிவிட்டால், நீங்கள் உடல் சோதனை முடித்து பெல்ட் கட்டி செருப்பு மாட்டி நின்றாலும் போக முடியாது. பெரும்பாலும் ஒரே ஒரு காவலர். அவர் ஒவ்வொரு பையாக எடுத்து, யாருடையது என்று கேட்டு, திறந்து, பொருளை வெளியே வைத்து, பையை மறுபடி இயந்திரத்தில் விட்டு, திரையில் இருப்பவர் தலையசைத்த பிறகுதான் கொடுப்பார். ஒரு பைக்கு நாலைந்து நிமிடம் சாதாரணமாக ஆகும். உங்களுக்கு முன்னால் ஐந்து பை இருந்தால் இருபது நிமிடம் போய்விட்டது.

என் கதைக்கு வருகிறேன். நானாகத் தனியாகக் கூட்டிப்போன மூன்றாவது காசி யாத்திரை. இருபத்திரண்டு பேர். கிளம்புகிற அன்று காலை தசாஸ்வமேத படித்துறை பக்கத்துச் சந்தில் ஆளாளுக்குச் சொம்பு வாங்கினார்கள். காசிச் சொம்பு தெரியுமல்லவா? உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னச் செம்புச் சொம்பு, உள்ளே கங்கை நீர், வாயை ஈயம் பற்றவைத்து மூடியிருப்பார்கள். ஆட்டினால் உள்ளே களக் களக் என்று சத்தம் கேட்கும். பெட்டியில் போட்டால் நசுங்கிவிடும் என்று பதினேழு பேர் கைப்பையில் வைத்துக்கொண்டார்கள். வைக்கச் சொன்னதே நான்தான்.

வரிசை என்னவோ சீக்கிரம் நகர்ந்தது. ஆட்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள், பைகள் போகவில்லை. கனமான உலோகத்துக்குள் என்ன இருக்கிறது என்று எக்ஸ்ரே திரையில் தெரியாது, கறுப்பாக ஒரு கட்டி மாதிரி விழும். திறந்து காட்டுங்கள் என்றால் ஈயம் வைத்ததை எப்படித் திறப்பது? பதினேழு பைகள் தடுப்புக்கு அந்தப் பக்கம் ரயில் பெட்டி மாதிரி வரிசையாக நின்றன. நாலு நிமிடம் வீதம் பெருக்கிப் பாருங்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல். எங்களிடம் இருந்தது முப்பது நிமிடம்.

காவலர் மரியாதையாகத்தான் சொன்னார்: இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் வெளியே போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வாருங்கள். கவுண்டர் மூடி அரை மணி ஆகியிருந்தது. பன்னிரண்டு பேர் மனசில்லாமல் சொம்பை விட்டுவிட்டார்கள். ஐந்து பேர் மாட்டேன் என்றார்கள். அதில் ஒரு அம்மா, "ராமேஸ்வரத்துல அபிஷேகத்துக்குக் குடுக்கணும் தம்பி, இதுக்குத்தானே வந்தேன்" என்று பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தை மூத்தவர் ஒருவரிடம் ஒப்படைத்து அனுப்பிவிட்டு அந்த ஐந்து பேருடன் நானும் தங்கினேன். மறுநாள் டிக்கெட் ஆளுக்குப் பதினோராயிரம், ஆறு பேருக்கு அறுபத்தாறாயிரம், ஓர் இரவு அறை வாடகை வேறு. அந்த யாத்திரையில் எனக்கு நின்றிருக்க வேண்டிய லாபமே நாற்பதாயிரம்தான்.

பணத்தைக்கூட மறந்துவிட்டேன். வரிசையைப் பார்த்து "அட, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு டீ வாங்கிக் குடித்தேனே, அந்தப் பத்து நிமிடம்தான் இன்னமும் உறுத்துகிறது.

இப்போது ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே ஒரு காலி அட்டைப்பெட்டி எடுத்துப்போகிறேன். சொம்புகளை வேட்டித் துணியில் சுற்றி, கவுண்டரில் சொல்லிவிட்டு, பெட்டியோடு போட்டுவிடுகிறேன்.

சொம்பு மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். அல்வா, பால்கோவா மாதிரி இறுகிய இனிப்பும் திரையில் சந்தேகம் கிளப்பும். பித்தளை விளக்கு, சுருக்குப்பையில் மறந்துபோன பாக்குவெட்டி, சில்லறை மூட்டை, சார்ஜர் வயர்கள் உருண்டையாகச் சுருண்டு கிடக்கும் பை, எல்லாம் ஒதுங்கும். பூஜைப் பையில் கற்பூரமும் தீப்பெட்டியும் இருந்தால் பெட்டியிலும் போட முடியாது, இரண்டுமே எரியும் பொருள். கொப்பரைத் தேங்காயும் எண்ணெய்ப் பசையால் அந்த வகைதான். சபரிமலை பக்தர்கள் இருமுடித் தேங்காயைக் கையில் கொண்டுபோக 2024 அக்டோபரில் தனியாக அனுமதி கொடுத்தார்கள், அதுவும் அந்த சீசன் முடியும் வரைதான். ஆகையால், எவ்வளவு நேரம் ஆகும் என்று என்னைக் கேட்பவர்களிடம், கைப்பையில் என்ன இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்கிறேன். பையை வேறொருவர் அடுக்கிக் கொடுத்திருந்தால் பதினைந்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். அம்மா அடுக்கிக் கொடுத்திருந்தால் அரை மணி.

டிஜியாத்ரா இருந்தால் வரிசையே இல்லை என்று நம்புவது

முகத்தையே அடையாளமாகக் காட்டி உள்ளே போகும் இந்த டிஜியாத்ரா, 2022 டிசம்பர் 1 அன்று டெல்லி, பெங்களூரு, வாரணாசி மூன்றிலும்தான் முதலில் வந்தது. நல்ல வசதி, நானே பயன்படுத்துகிறேன். முகத்தைக் காட்டினால் வாசல் திறக்கும், சோதனைக் கூடத்துக்குள் போகும் கதவும் திறக்கும். அதற்கப்புறம் ட்ரே, எக்ஸ்ரே, உடல் சோதனை எல்லாம் ஊருக்குப் பொதுதான். வாசலில் மிச்சம் பிடித்த பத்து நிமிடத்தை நம்பி வீட்டிலிருந்து அரை மணி தாமதமாகக் கிளம்புகிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன்.

மனைவியின் போர்டிங் பாஸ் கணவர் சட்டைப்பையில்

உடல் சோதனைக்கு ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. இங்கே ஐயா இரண்டு பேர் காகிதத்தையும் வைத்துக்கொண்டு நிற்பார், முத்திரை குத்தும் ஊராக இருந்தால் அந்தப் பக்கம் அம்மாவிடம் காகிதம் கேட்பார்கள். "அவர்கிட்ட இருக்கு" என்று கை நீட்டுவார். அவரோ காகிதங்களை ட்ரேயில் போட்டு இயந்திரத்துக்குள் அனுப்பியிருப்பார். அவரவர் காகிதம் அவரவர் கையில், ட்ரேயில் போடக் கூடாது. நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் தனி வேலை.

செக்-இன் பெட்டியில் பவர் பேங்க்

உங்களைத் திரும்பக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள்; கைப்பையில் வையுங்கள்.

வீல்சேரை அன்றைக்குக் கேட்பது

டிக்கெட் போடும்போதே கேளுங்கள்.

எல்லா ஊரிலும் சோதனை ஒரே இடத்தில் என்று நினைப்பது

சிங்கப்பூருக்கு அழைத்துப்போகும்போது இது வேறு மாதிரி கடிக்கும். சாங்கியில் 1, 2, 3 முனையங்களில் பாதுகாப்புச் சோதனை கேட் வாசலில்தான் நடக்கும். நான்காவதில் மட்டும் எல்லோருக்கும் பொதுவாக முன்பே முடிந்துவிடும். நம் ஆட்கள் பாஸ்போர்ட் பார்க்கும் குடியேற்றச் சோதனை முடிந்ததும் வேலை தீர்ந்தது என்று கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு, கடைசி அழைப்பில் கேட்டுக்கு ஓடிவருவார்கள். அங்கே போனால் ஒரு விமானக் கூட்டம் முழுக்க ஒரே எக்ஸ்ரே முன்னால் நிற்கும். கையில் அப்போதுதான் வாங்கிய தண்ணீர் பாட்டில் வேறு. நான் கேட் திறக்கும் நேரத்தைக் கேட்டுவைத்துக்கொண்டு, ஆட்களை அந்த நேரத்துக்கே கேட் வாசலுக்கு வரச் சொல்லிவிடுகிறேன். கடையில் யாராவது இன்னும் நின்றால் போன் போட்டுக் கத்துவதுதான் வழி.